கோமாரித் தீவும் நம் ஊர் மாட்டுக் கொட்டகையும்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள முடிச்சூர், மணிமங்கலம், படப்பை, அகரம்தென், மாடம்பாக்கம் முதலிய ஊர்களில் வீடுகள் பெருகி, வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் குறைந்து வந்தாலும் கறவை மாடு வளர்ப்போர் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு மாடு, மூன்று மாடு என்று வைத்துக்கொண்டு, விடியுமுன் பால் கறந்து, வாடிக்கை வீடுகளுக்கும் பால் சங்கத்துக்கும் ஊற்றிக் குடும்பம் நடத்துகிறார்கள். இவர்கள் பெரிதும் அஞ்சும் நோய்களுள் கோமாரி முதன்மையானது. ஆறு மாதத்திற்கு ஒரு முறை நடைபெறும் தடுப்பூசி முகாமுக்கு மாட்டை ஓட்டி வருவதும் அந்த அச்சத்தினால்தான்.

அத்தகைய முகாம்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "ஏங்க டாக்டர், சீக்குக் கிருமியை வச்சுத்தானே இந்த மருந்தைச் செய்றாங்க? அந்தக் கிருமி வெளியே வந்துட்டா என்ன பண்றது?"

மிகவும் நியாயமான கேள்வி. கோமாரித் தடுப்பூசி தயாரிக்க உயிருள்ள வைரஸ் கிருமியைப் பெரிய கலங்களில் பெருக்கி, பிறகு அதை இரசாயன முறையில் செயலிழக்கச் செய்கிறார்கள். தடுப்பூசியில் உள்ளது இறந்த கிருமியே. அதனால் நோய் வராது. ஆனால் அதைத் தயாரிக்கும் இடத்திலும், ஆராய்ச்சி நடக்கும் இடத்திலும் உயிருள்ள கிருமி இருந்தே தீரும். அப்படிப்பட்ட இடம் எங்கே இருக்க வேண்டும்? ஊருக்கு அருகிலா, மலை மீதா, கடல் நடுவிலா? ஓரிடத்தில் பல்லாண்டுகள் நடந்த பின், "இனி இந்த இடம் வேண்டாம்" என்று முடிவு செய்தால் அந்த நிலத்தை என்ன செய்வது?

அமெரிக்காவில் அரசுக்குச் சொந்தமான ஒரு தீவைப் பற்றி இந்தக் கேள்விகள் எழுந்தன. அவற்றுக்கு விடை காணப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாறு நம் நாட்டுக் கால்நடை வளர்ப்போருக்கும் பயன்படக்கூடியது.

கிருமியின் இயல்பு

கோமாரி, காணை, கால்வாய் நோய் என்று பல பெயர்களில் வழங்கும் இந்நோய் பிளவுபட்ட குளம்பு உள்ள விலங்குகளுக்கு வருவதாகும். மாடு, எருமை, ஆடு, பன்றி ஆகியவற்றோடு மான், காட்டெருது போன்றவற்றையும் தாக்கும். காய்ச்சல் கண்டு, வாயிலும் நாக்கிலும் குளம்பு இடுக்கிலும் கொப்புளங்கள் தோன்றி உடையும். மாடு தீனி எடுக்காது, வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகும், காலை நொண்டும். பத்து லிட்டர் கறந்த கலப்பின மாடு இரண்டு லிட்டருக்கு இறங்கிவிடுவதும் உண்டு. நோய் தணிந்த பிறகும் சில மாடுகள் வெயில் காலத்தில் மூச்சிரைக்கும். சினை பிடிப்பது தள்ளிப்போகும். இளங்கன்றுகளுக்கு இதயத்தைத் தாக்கித் திடீரென்று உயிரைக் கொண்டு போய்விடும்.

எச்சில், பால், சாணம், மூச்சுக் காற்று ஆகிய எல்லாவற்றிலும் கிருமி வெளிப்படும். மாட்டைத் தொட்டவரின் உடை, செருப்பு, பால் கேன், தீவன வண்டியின் சக்கரம் ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும். குளிர்ந்த, ஈரப்பதம் மிக்க காற்றில் மிதந்தும் செல்லும். இத்தனை வேகமாகப் பரவும் கிருமியைக் கூடத்தில் அடைத்து வைத்து ஆராய்வது எளிதன்று.

தீவைத் தேடிப் போன விஞ்ஞானிகள்

கோமாரி நோய்க்குக் காரணம் மிக நுண்ணிய வடிகட்டியிலும் தங்காமல் கடந்து செல்லும் ஒரு கிருமியே என்பதை 1898-இல் ஜெர்மனியைச் சேர்ந்த பிரெடரிக் லோஃப்லர், பால் ஃபிராஷ் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். விலங்குகளைத் தாக்கும் நோய் ஒன்று வைரஸால் வருகிறது என்று முதன்முதலாக மெய்ப்பிக்கப்பட்டது அப்போதுதான். லோஃப்லர் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் ஆராய்ச்சி செய்தபோது சுற்றுப்புறத்து மாடுகளுக்கு நோய் பரவியது. அதனால் பணி நிறுத்தப்பட்டு, 1910-இல் பால்டிக் கடலில் உள்ள ரீம்ஸ் என்னும் சிறு தீவுக்கு ஆராய்ச்சி மாற்றப்பட்டது. டென்மார்க் நாடு 1926-இல் லிண்ட்ஹோம் என்னும் தீவில் இத்தகைய நிலையத்தை அமைத்தது.

நம் நாட்டில் தீவுக்குப் பதிலாக மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1889-இல் புனேயில் தொடங்கிய இம்பீரியல் பாக்டீரியாலஜி ஆய்வுக்கூடம், வெக்கை நோய் போன்ற கொடிய தொற்றுகளைக் கையாள்வதற்காக, 1893-இல் இமயமலைச் சாரலில் 7,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. இன்றைய இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததே. கடலாயினும் காடாயினும் மலையாயினும், கிருமிக்கும் மாட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும் என்பதே அன்றைய கொள்கை.

அமெரிக்காவில் 1929-க்குப் பிறகு கோமாரி நோய் இல்லை. ஆனால் 1946-இல் பக்கத்து நாடான மெக்சிகோவிலும், 1952-இல் கனடாவிலும் நோய் கண்டதால் அந்நாடு விழித்துக்கொண்டது. உயிருள்ள கோமாரிக் கிருமியைக் கரை நிலத்தில் வைக்கக் கூடாது. ஆழமான நீரால் பிரிக்கப்பட்ட கடலோரத் தீவில் மட்டுமே ஆராயலாம் என்று 1948-இலேயே சட்டம் செய்திருந்தார்கள். அதன்படி நியூயார்க் மாநிலத்தின் கிழக்குக் கோடியில், கரையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் அளவு தள்ளியுள்ள பிளம் தீவு 1954-இல் விவசாயத் துறையின் கைக்கு வந்தது. அதன் பரப்பு சுமார் 840 ஏக்கர். அதற்கு முன் அங்கே இராணுவக் கோட்டை ஒன்று இருந்தது.

தீவின் கட்டுப்பாடுகள்

பிளம் தீவுக்குள் ஆராய்ச்சிக்காகக் கொண்டுவரப்பட்ட மாடு உயிருடன் திரும்பியதில்லை. கூடத்துக்குள் காற்று உள்ளே போகுமேயன்றி வடிகட்டாமல் வெளியே வராது. கழிவுநீரைக் கொதிக்க வைத்த பிறகே விட்டார்கள். கூடத்தை விட்டு வெளியேறும் ஊழியர் குளித்து, உடை மாற்றி வர வேண்டும். அதன் பிறகும் சில நாட்கள் வெளியில் எந்த மாட்டின் அருகிலும் போகக் கூடாது. கரையிலிருந்து நீந்தி வரும் மான்களைக்கூடச் சுட்டு வீழ்த்திவிடுவார்கள். அது மீண்டும் நீந்திப் போய்க் கிருமியைக் கரை சேர்த்துவிடக் கூடாது அல்லவா?

இத்தனையும் செய்தும் 1978-ஆம் ஆண்டு செப்டம்பரில் தவறு நேர்ந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, நோயற்ற மாடுகளை அடைத்து வைத்திருந்த இடத்தில் கோமாரி கண்டது. தீவில் இருந்த கால்நடைகள் அனைத்தையும் கொன்று எரித்தார்கள். நல்ல வேளையாக நோய் கடலைத் தாண்டவில்லை. கூடத்தின் சுவர் கைவிட்டபோது தீவு காப்பாற்றியது எனலாம்.

அதே தீவில் நல்ல பலனும் விளைந்தது. முழு வைரஸைப் பயன்படுத்தாமல், அதன் புரதம் ஒன்றை மட்டும் மரபணு முறையில் தயாரித்து, அதைக் கொண்டு மாட்டுக்கும் பன்றிக்கும் நோய் எதிர்ப்பு உண்டாக்கலாம் என்று 1981-இல் அங்குள்ள விஞ்ஞானிகள் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து காட்டினார்கள். அந்தத் தடுப்பூசி விற்பனைக்கு வரும் அளவுக்கு வளரவில்லை. ஆயினும் உயிருள்ள கோமாரிக் கிருமியைத் தொடாமலே தடுப்பூசி செய்ய முடியும் என்ற வழி திறந்தது. அவ்வழியில் உருவான வேறொரு தடுப்பூசிக்கு 2012-இல் அமெரிக்காவில் நிபந்தனையுடன் கூடிய உரிமம் கிடைத்தது.

கடல் ஒன்றே வேலி ஆகுமா?

தீவு என்றால் முழுப் பாதுகாப்பு என்று எண்ணிவிடவும் முடியாது. 1981 மார்ச் மாதம் பிரான்ஸ் நாட்டின் பிரிட்டனி பகுதியில் இருந்த கோமாரிக் கிருமி, காற்றில் மிதந்து 250 கிலோமீட்டருக்கு மேல் கடலைக் கடந்து இங்கிலாந்துக்குச் சொந்தமான வைட் தீவில் உள்ள மாடுகளைத் தாக்கியது. கடல் மீது வீசும் ஈரக் காற்று கிருமியை உலர விடாமல் சுமந்து சென்றிருந்தது.

மற்றொரு பாடம் 2007-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கிடைத்தது. சர்ரே மாவட்டத்தில் கோமாரி பரவியபோது எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். அது கோமாரி ஆராய்ச்சியும் தடுப்பூசித் தயாரிப்பும் நடக்கும் பிர்பிரைட் வளாகத்தில் வைத்திருந்த கிருமியே என்று தெரிந்தது. பழுதடைந்த கழிவுநீர்க் குழாயிலிருந்து மண்ணில் கசிந்து, அங்கே கட்டட வேலைக்கு வந்த வண்டிகளின் சக்கரச் சேற்றில் ஒட்டி வெளியேறியிருக்க வேண்டும் என்று விசாரணையில் கருதினார்கள். எட்டுப் பண்ணைகளில் நோய் கண்டது. நோயைத் தடுக்க ஏற்பட்ட இடமே நோயைக் கொடுத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அந்நாட்டில் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2001-இல், கோமாரியை ஒழிப்பதற்காக 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றிருந்தார்கள். எனவே இந்தச் செய்தி அங்குள்ள விவசாயிகளை எவ்வளவு கலங்க வைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் தெரிவது என்ன? தூரம் உதவும், ஆனால் தூரம் மட்டும் போதாது. ஒரு குழாயைப் பழுது பார்க்கப் பணம் ஒதுக்காமல் தள்ளிப்போட்டால் எந்த இடமும் ஆபத்தான இடமே.

தீவிலிருந்து மாட்டு நாட்டுக்கு

பிளம் தீவின் கட்டடங்கள் பழமை அடைந்தன. விஞ்ஞானிகளும் ஊழியர்களும் தினமும் படகில் வந்து போக வேண்டியிருந்தது. விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றி உயிரைப் பறிக்கும் நிபா போன்ற நோய்களைப் பெரிய விலங்குகளில் ஆராயும் வசதி அங்கே இல்லை. 2003-இல் தீவு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு மாற்றப்பட்டது. 2005-இல் அதற்குப் பதிலாகப் புதிய கூடம் அமைக்கப் போவதாக அறிவித்தார்கள். பல இடங்களைப் பரிசீலித்து, கன்சாஸ் மாநிலத்தின் மன்ஹாட்டன் என்னும் ஊரில், கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ள பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் அமைக்க முடிவாயிற்று. அதற்கு இடமளிக்கும்படி சட்டமும் 2008-இல் திருத்தப்பட்டது.

கன்சாஸ் மாநிலத்தில் மனிதர்களைப் போல் இரண்டு மடங்கு மாடுகள் உண்டு. அறுபதாண்டுகளாகக் கடலுக்கு அப்பால் வைத்திருந்த கிருமியை மாட்டு மந்தைகளின் நடுவே கொண்டுபோய் வைப்பதா என்று பலர் எதிர்த்தனர். 2010-இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் குழு, அரசின் கணக்கை ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தது. அரசு கொடுத்த விவரங்களின்படியே பார்த்தாலும், 50 ஆண்டுக் காலத்தில் ஒரு முறையாவது கிருமி வெளியேறி நோயை உண்டாக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 70 என்று அது கூறியது. உடனே கூடத்தின் அமைப்பைத் திருத்தினார்கள். 2012-இல் மீண்டும் கணக்கிட்டபோது அந்த வாய்ப்பு நூற்றுக்கு 0.11 என்று அரசுத் தரப்பில் காட்டினார்கள். இந்தக் கணக்கு மிகவும் குறைத்து மதிப்பிடப்பட்டது என்று ஆராய்ச்சிக் குழு மறுபடியும் குறை கூறிற்று.

இறுதியில் சுமார் 125 கோடி டாலர் செலவில் கட்டப்பட்ட அந்தக் கூடம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. பிளம் தீவில் நடந்த பணிகளைப் படிப்படியாக அங்கே மாற்றுவது என்பது திட்டம். இடம் தவறா, சரியா என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டதனால்தான் சுவர் கனத்தது என்பதில் ஐயமில்லை.

தீவு யாருக்கு?

புதிய கூடத்துக்குப் பெரும் பணம் வேண்டும். ஆகவே தீவை ஏலத்தில் விற்று, கிடைக்கும் தொகையைக் கட்டடச் செலவுக்கு ஈடு செய்யலாம் என்று 2008-இல் சட்டம் இயற்றினார்கள். நியூயார்க் நகரத்துக்குச் சில மணி நேரப் பயணத் தொலைவில் கடல் நடுவே 840 ஏக்கர் நிலம்! மாளிகைகளும் கேளிக்கை விடுதிகளும் கட்ட விரும்புவோருக்கு அதைவிட நல்ல இடம் ஏது?

ஆனால் தீவின் கதை அப்படி முடியவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் நடமாட்டம் இல்லாததால் தீவின் பெரும்பகுதி காடும் சதுப்பும் மணற்கரையுமாக வளர்ந்திருந்தது. 200-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே காணப்பட்டன. சீல்கள் பாறைகளில் கூட்டமாக ஓய்வெடுத்தன. தீவு அடங்கிய சௌத்தோல்டு ஊராட்சி 2013-இல் ஒரு தீர்மானம் செய்தது. ஆய்வுக்கூடம் உள்ள பகுதியை ஆராய்ச்சிக்கு மட்டும், எஞ்சிய பெரும்பகுதியை இயற்கைப் பாதுகாப்புக்கு மட்டும் என்று நில உபயோக வரம்பு விதித்தது. மாளிகை கட்ட முடியாத நிலத்துக்கு மாளிகை விலை யார் கொடுப்பார்? ஓர் ஊராட்சியின் தீர்மானம் பெரிய ஏலத்தின் போக்கையே மாற்றிவிட்டது.

2016-இல் இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள் நீதிமன்றம் சென்றன. விவசாயிகள், மீனவர், படகோட்டிகள், உள்ளூர்ப் பிரதிநிதிகள் எனப் பலரும் பேசிப் பேசி, 2020 டிசம்பரில் ஏலம் விட வேண்டும் என்ற சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. விற்பதற்கென்று போட்ட சட்டத்தை நீக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

மற்ற இரண்டு தீவுகளின் கதை வேறு. டென்மார்க் அரசு லிண்ட்ஹோம் தீவை, நாடு கடத்தப்பட வேண்டிய குற்றவாளிகளைத் தங்க வைக்கும் இடமாக்கப் போவதாக 2018-இல் அறிவித்தது; கடும் எதிர்ப்பு எழுந்ததால் 2019-இல் புதிய அரசு அதைக் கைவிட்டது. ஜெர்மனியோ ரீம்ஸ் தீவை விடவில்லை. கரையோடு சாலை இணைத்து, பெரும் முதலீட்டில் புதுப்பித்து, பெரிய விலங்குகளை மிக உயர்ந்த பாதுகாப்பில் ஆராயும் வசதியையும் அங்கேயே அமைத்தது. ஆக, ஒரே நோக்கத்துக்காக எடுத்த மூன்று தீவுகளுக்கு மூன்று விதமான முடிவுகள். பணத்தை மட்டும் பார்த்து எடுத்த முடிவும், அவசரத்தில் எடுத்த முடிவும் நிலைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு எது பொருந்தும்?

நோயே இல்லாத நாட்டில் கிருமி இருக்கும் ஒரே இடம் ஆய்வுக்கூடம்தான். அது கசிந்தால் நாடே பாதிக்கும். அதனால் அவர்கள் தீவைத் தேடினார்கள். நம் நாட்டிலோ கோமாரி ஊர்தோறும் வந்து போகும் நோயாக நெடுங்காலம் இருந்து வருகிறது. இங்கே ஆய்வுக்கூடம் கால்நடைகளிலிருந்து விலகி இருப்பதைவிட, எந்த ஊரில் நோய் கண்டாலும் மாதிரி விரைவில் வந்து சேரக்கூடிய இடத்தில் இருப்பதே முக்கியம். 1968-இல் கோமாரிக்கென அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. 2001-இல் முக்தேசுவரத்தில் தனி இயக்குநரகம் ஏற்பட்டது. பின்னர் ஒடிசாவில் புவனேசுவரம் அருகே ஆருகுல் என்னும் இடத்தில் உயர் பாதுகாப்புக் கூடம் அமைந்து, தேசியக் கோமாரி ஆராய்ச்சி நிறுவனம் அங்கே செயல்படுகிறது. மலையிலிருந்து சமவெளிக்கு வந்த நிறுவனம் இது.

நம் நாட்டில் பரவும் கிருமி 'ஓ', 'ஏ', 'ஆசியா-1' என மூன்று வகைப்படும். ஒரு வகைக்குப் போட்ட ஊசி மற்றொரு வகையைத் தடுக்காது. எனவே மூன்றும் கலந்தே தடுப்பூசி செய்கிறார்கள். நெடுங்காலமாக விதைக் கிருமிகளாகப் பயன்பட்டவற்றுள் 'ஓ' வகை 1975-ஆம் ஆண்டும், 'ஏ' வகை 2000-ஆம் ஆண்டும் இந்திய மாடுகளிலிருந்து எடுத்தவை. எங்கோ ஓர் ஊரில், யாரோ ஒரு விவசாயி தம் மாட்டின் கொப்புளத் தோலை எடுக்க இசைந்ததால்தான் கோடிக்கணக்கான மாடுகளுக்கு ஊசி கிடைத்தது.

2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், 2030-க்குள் கோமாரியை ஒழிப்பதை இலக்காகக் கொண்டது. இங்கேதான் நாம் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. வெக்கை நோயை நினைத்துப் பாருங்கள். நம் பாட்டன் காலத்தில் கிராமம் கிராமமாக மாடுகளை வாரிக்கொண்டு போன அந்நோய், 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு அக்கிருமி எஞ்சியிருந்த ஒரே இடம் ஆய்வுக்கூடங்களே. அவற்றைத் தேடிக் கணக்கெடுத்து அழிக்க வேண்டியதாயிற்று. பிர்பிரைட் கூடம் தன்னிடம் இருந்ததை 2019-இல் அழித்தது.

கோமாரிக்கும் அந்நிலை வரும். ஊரில் நோய் குறையக் குறைய ஆய்வுக்கூடத்தின் சுவர் உயர வேண்டும். நோய் நிறைந்த காலத்தில் சிறு கசிவு பெரிதாகத் தெரியாது. நோயற்ற காலத்தில் அதே கசிவு பல்லாண்டு உழைப்பைப் பாழாக்கும். ஆகவே கட்டடம் எழுப்பப் பணம் ஒதுக்குவதோடு, குழாயும் வடிகட்டியும் பராமரிக்க ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவதும் அவசியம்.

சைதாப்பேட்டையிலிருந்து காட்டுப்பாக்கம் வரை

ஆராய்ச்சி நிலத்தின் வருங்காலத்தை முடிவு செய்வது தென் சென்னைக்குப் புதிதன்று. 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளிதான் 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறி, இன்று வேளாண்மைப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. ஊருக்கு வெளியே இருந்த சைதாப்பேட்டை நகரின் நடுவே வந்துவிட்டது. நகரில் நெருக்கடியில் இருந்த விலங்குக் காட்சிசாலையும் 1985-இல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. அன்று காடாயிருந்த வண்டலூரைச் சுற்றி இன்று வீடுகள்.

வண்டலூரைக் கடந்தால் பொத்தேரிக்கு அருகே காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கறவை மாடு, ஆடு, பன்றி வளர்ப்பில் ஆராய்ச்சியும் விவசாயிகளுக்குப் பயிற்சியும் அங்கே நடக்கின்றன. அதைச் சுற்றிலும் கல்வி நிலையங்களும் குடியிருப்புகளும் நெருங்கி வருகின்றன. இத்தகைய நிலங்கள் எங்கிருந்தாலும், ஒரு நாள் "இதன் விலை ஏக்கருக்கு எவ்வளவு?" என்ற கேள்வி வரத்தான் செய்யும். அப்போது விவசாயிகள் கேட்க வேண்டிய வேறு கேள்விகள் உண்டு.

1. இந்நிலையத்தின் பணி முடிந்துவிட்டதா, அல்லது வேறிடத்துக்கு மாறுகிறதா? மாறுவதானால் புதிய இடம் தயாராகும் முன் பழையது மூடப்படுமா?

2. புதிய இடம் சிறு விவசாயி ஒரு நாளில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்குமா?

3. பல ஆண்டுகள் ஒரே முறையில் பராமரித்த தீவன நிலமும் மந்தையும் மாற்றும்போது அழிந்துபோகாமல் இருக்க என்ன ஏற்பாடு?

4. நோய்க் கிருமி கையாளும் இடமானால், மண்ணும் கிணற்று நீரும் சோதிக்கப்பட்டு, சுத்தமானது என்று சான்று தரப்படுமா?

5. நிலம் கைமாறினால் அங்குள்ள ஏரி, ஓடை, மரங்கள் என்ன ஆகும்?

பிளம் தீவில் சௌத்தோல்டு ஊராட்சி கேட்டவையும் ஏறத்தாழ இவையே. ஒரு முறை வீட்டு மனையாகிவிட்ட நிலம் மீண்டும் ஆராய்ச்சிப் பண்ணை ஆகாது. தாம்பரத்தைச் சுற்றி மேய்ச்சல் புறம்போக்கை இழந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொட்டகையில் செய்ய வேண்டியவை

ஆய்வுக்கூடம் எங்கே இருந்தாலும், நோயைத் தடுக்கும் கடைசிச் சுவர் மாட்டுக் கொட்டகையின் வாசல்தான். கால்நடை வளர்ப்போர் கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் செய்ய வேண்டும்.

கன்றுக்கு நான்கு மாதம் ஆனதும் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பின்பு ஆறு மாதத்திற்கு ஒரு முறை ஊசி போட வேண்டும். பால் குறையும் என்று அஞ்சித் தவிர்க்கக் கூடாது. ஓரிரு நாள் குறைந்தாலும் பிறகு சரியாகிவிடும். காதில் வில்லை போட்டுக்கொண்டால் எந்த மாட்டுக்கு எப்போது ஊசி போட்டது என்ற கணக்குத் தவறாது.

சந்தையிலிருந்து வாங்கி வந்த மாட்டை இரண்டு முதல் மூன்று வாரம் தனியே கட்ட வேண்டும். நமது வாசலிலேயே நமக்கு ஒரு சிறு 'தீவு' அதுதான்.

பக்கத்து ஊரில் நோய் கண்டால், வெளியார் கொட்டகைக்குள் நுழைவதையும் பொதுக் குட்டையில் மாட்டைத் தண்ணீர் காட்டுவதையும் நிறுத்த வேண்டும். பத்து லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவை சோடா கலந்த கரைசலால் தரையையும் தொட்டியையும் கழுவலாம். வாசலில் சாக்கைப் போட்டு அதே கரைசலில் நனைத்து வைத்தால் கால் மிதித்து வருவோரின் செருப்புக் கிருமி அழியும்.

எச்சில் ஒழுகல், நொண்டல் தென்பட்ட உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1962 என்ற எண்ணிலும் தொடர்பு கொள்ளலாம். நோயை மறைத்து மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவது அயலாருக்குச் செய்யும் தீங்கு மட்டுமன்று. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொற்று நோயைத் தெரிவிப்பது மாட்டுச் சொந்தக்காரரின் கடமையும் ஆகும். மருத்துவர் கொப்புளத் தோலை மாதிரி எடுக்கக் கேட்டால் தயங்காமல் இசைவு தர வேண்டும்.

முகாமில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை கூறலாம். கிருமி வெளியே வராமல் காப்பது கடலும் மலையும் மட்டுமல்ல. கேள்வி கேட்கும் விவசாயியும், குழாயைச் சரிபார்க்கும் ஊழியரும், பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கும் அரசும் சேர்ந்தே அதைக் காக்க முடியும். அடுத்த முகாமுக்கு மாட்டை ஓட்டிச் செல்லும்போது அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்கலாம்; கேட்க வேண்டும்.